பார்த்தவன் சொன்னால் சரி

இலங்கைத் தீவில் என் சக்கரம் உருளாத ரோடு கிடையாது. கண்டி மலை ஏற்றத்தில் ஒரு கையால் பீடி பற்றவைத்துக்கொண்டே மறு கையால் வண்டியை வளைத்தவன் நான்.

பொய். மண்டபத்துக்கு அந்தப் பக்கம் நான் ஓர் அடிகூட எடுத்து வைத்ததில்லை. பதினேழு வயதில் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியோடு கிளம்பினது நிஜம். மண்டபம் கேம்ப்பில் சில நாள் அடைத்துவைத்து, ஊசி போட்டு, அப்புறம்தான் கப்பலுக்கு விடுவார்கள். ஊசி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் கடா மீசை வைத்த பெரிய ஆள். அவன் ‘ஆத்தா’ என்று அலறின அலறலில் நான் வேலி தாண்டிவிட்டேன். ஊருக்குத் திரும்ப வெட்கம். இராமநாதபுரத்தில் ஒரு லாரி ஷெட்டில் ஒன்றரை வருஷம் கிரீஸ் துடைத்து, வண்டி ஓட்டப் பழகி, ஒரு காக்கி அரைக்கால் சட்டையோடு மதுரைக்கு வந்து இறங்கினேன். “எங்கடா போயிருந்த?” என்று கேட்டார்கள். “இலங்கைக்கு” என்றேன். “அங்க என்ன பாத்த?” “துரைக்குக் காரோட்டுனேன்.” அன்றைக்கு விட்ட கதைக்கு நான் இன்னும் சம்பளமில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு எழுத வராது. நான் சொல்கிறேன், எங்கள் கண்டக்டர் எழுதுகிறார். என் பேச்சைத் துவைத்து இஸ்திரி போட்டு எழுதுகிறார். உலகச் சண்டை முடிந்தும் பெட்ரோல் ரேஷன் முடியவில்லை, எங்கள் பஸ் கரியில்தான் ஓடுகிறது. பஸ்ஸின் முதுகில் கட்டின கரியடுப்புப் பற்றிக் கேஸ் பிடிக்க முக்கால் மணியாவது ஆகும். அதற்குள் சாயக்காரரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

அவர் சௌராஷ்டிரக் குடும்பம். மகால் பக்கத்தில் வீடு, வீட்டுக்குப் பின்னால் நூலுக்குச் சாயம் போடுகிற கொட்டகை. பேர் இருந்தது. ஆனால் ஊரில் எல்லாருக்கும் சாயக்காரர்தான். பத்து விரல் நகமும் எந்நேரமும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். கையை வைத்தே கிழமை சொல்லலாம் என்று நான் கேலி செய்வேன். கத்திரிப்பூ நிறம் என்றால் செவ்வாய்.

வேட்டியில் எப்போதும் கறை. அதற்குக் காரணம் உண்டு. “இந்தச் சாயம் போகுமா?” என்று யாராவது வியாபாரி கேட்டால் ‘போகாது’ என்று அவர் வாயால் சொல்ல மாட்டார். நூலைத் தண்ணீரில் நனைத்து, தன் வேட்டியிலேயே தேய்த்துக் காட்டுவார். ஒட்டவில்லை என்றால் ஒட்டவில்லை. ஒட்டினால், “ஒட்டுது, பாத்தீங்கல்ல? இதை வாங்காதீங்க” என்பார். இப்படி ஒரு வியாபாரியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

தான் கண்ணால் பார்க்காத எதையும் சொல்ல மாட்டார். அதுதான் அவர். ஒரு தடவை அவருடைய சித்தப்பா மகன், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு இவரிடம் விசாரிக்க வந்தார். மாப்பிள்ளையின் அப்பா இவரிடம் இருபது வருஷமாக நூல் வாங்குகிறவர். இவர் என்ன சொன்னார் தெரியுமா? “கடையில பாத்திருக்கேன். வீட்டுக்குள்ள பாத்ததில்ல. சொல்ல மாட்டேன்.” வந்தவர் கோபித்துக்கொண்டு போய் நாலு வருஷம் பேசவில்லை. இன்னொரு தடவை கொட்டாம்பட்டிக்கு என் பஸ்ஸில் வந்தார். மேலூர் தாண்டினதும் பக்கத்தில் இருந்த கிழவர், “கொட்டாம்பட்டியில மழையாமே?” என்றார். “இன்னும் போகலியே” என்றார் இவர். பஸ்ஸே சிரித்தது. இவருக்கு ஏன் என்று புரியவில்லை.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. தான் பார்க்காததைச் சொல்லாத மனுஷன், மற்றவர்களும் அப்படித்தான் என்று நம்பிவிடுவார். ஒருத்தன் “நான் பாத்தேன்” என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அவருக்குக் கேள்வி கிடையாது. “பாத்தவன் சொன்னா சரி” என்று தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார். முடிந்தது.

அப்படிப்பட்டவர், சண்டை வருவதற்கு முன்னால் ஒரு மாசி மாதம் சாயந்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து என் முன்னால் நின்றார்.

“தம்பி, நீதான இலங்கையில இருந்தவன்?”

“ரெண்டு வருஷம் முதலாளி. துரை வண்டி.”

“அங்க மலையில அருவி இருக்காமே. அது ராத்திரியும் விழுமா?”

கேலி பண்ண வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். சுற்றி நாலு டிரைவர்கள் நிற்கிறார்கள். விட்டுக்கொடுக்க முடியுமா? “விழும் முதலாளி. ராத்திரிதான் இன்னும் சத்தமா விழும்” என்றேன்.

“நீ பாத்தியா?”

“இந்த ரெண்டு கண்ணால.”

அவர் முகம் மலர்ந்த விதத்தை நான் என்ன சொல்வது? தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். “எங்க வீட்ல பன்னெண்டு வருஷமா கேக்குறாங்க. பாத்தவன் ஒருத்தனும் சிக்கல” என்றார்.

அவர் வீட்டில் அடுப்பங்கரைச் சுவரில் தேயிலைக் கம்பெனிக்காரன் கொடுத்த காலண்டர் ஒன்று தொங்கியது. இலங்கை மலை, வெள்ளையாய் ஓர் அருவி, கரை நிறையப் பூ. தேதிக் கட்டு தீர்ந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அவர் சம்சாரம், அந்த அம்மா, அட்டையைக் கழற்றவில்லை. இத்தனைக்கும் அந்த வீட்டில் யாரும் தேயிலைத் தண்ணி குடிப்பதில்லை.

அந்த அம்மாவுக்கு மடி, ஆசாரம் அதிகம். காலையில் குளித்து, யாரும் தொடாத மடிச் சேலை கட்டித்தான் அடுப்பு மூட்டுவார். வெளியே யார் வீட்டிலும், எந்தச் சத்திரத்திலும் ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடையாது. அதனால் கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் போன தூரமெல்லாம் காலைச் சாப்பாட்டுக்கும் ராச்சாப்பாட்டுக்கும் நடுவில் போய்த் திரும்புகிற தூரம்தான். அழகர்கோவில், திருப்பரங்குன்றம். ஒரே ஒரு தடவை ஸ்ரீரங்கம் போனார். இரண்டு நாளும் வாழைப்பழத்தில் ஓட்டி, திரும்பி வந்து வாசலிலேயே மயங்கி விழுந்தாராம்.

“அவங்களால வீட்டை விட்டு வர முடியாது. அதனால வீட்டைத் தூக்கிட்டுத்தான் போகணும்” என்றார் சாயக்காரர்.

தமுக்கம் மைதானத்தில் சர்க்கஸ் வந்தபோது அவர் புலியைப் பார்க்கவில்லை. சர்க்கஸ்காரர்கள் குடியிருக்கிற வண்டிகளுக்குள் ஏறி இறங்கிப் பார்த்தார். உள்ளேயே கட்டில், உள்ளேயே அடுப்பு. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு பழைய பஸ்ஸை வாங்கி, வில்லாபுரத்தில் ஒரு வண்டி ஆசாரியிடம் விட்டார். பங்குனிக் கடைசியில் கிளம்புவது, மலையில் பூப்பூக்கிற சமயம் பார்த்துவிட்டு, அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் திரும்பிவிடுவது. டிரைவர் யார்? கேட்கவா வேண்டும், போய் வந்தவன் நான் இருக்கிறேனே.

எனக்கு உள்ளூர உதறல்தான். ஆனால் எங்கே நடக்கப்போகிறது, பாதியில் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் விடவில்லை. வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் செலவாகிறது என்று பதினோரு நாள் எண்ணி, அதற்குத் தகுந்த மாதிரி பித்தளைத் தொட்டி அடித்தார். தினம் சாயந்திரம் நோட்டும் கையுமாக பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவார்.

“தம்பி, அங்க ரோட்டோரமா வண்டிய நிறுத்துனா யாரும் ஏதும் சொல்லுவாங்களா?”

“ஒண்ணும் சொல்ல மாட்டாங்க முதலாளி. வாங்க, சாப்பிடுங்கம்பாங்க.”

“அதான் பிரச்சனை” என்று எழுதிக்கொள்வார்.

“கப்பல்ல வண்டிய எப்படி ஏத்துவாங்க?”

“என்னத்த ஏத்துறது? நேரா ஓட்டிக்கிட்டே உள்ள போயிர வேண்டியதுதான்.”

அதையும் எழுதிக்கொண்டார். எதற்கும் ரயில்வேக்கு ஒரு காகிதம் போட்டுக் கேட்டுவிடலாமா என்று ஒரு நாள் கேட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வரத்தானே வேண்டும், பொய்க்காரனுக்கு! “நான் ஒருத்தன் போயிட்டு வந்து முன்னால நிக்கிறேன், காகிதத்துக்கிட்டக் கேக்கப் போறீகளா?” என்றேன். “தப்புத்தான் தம்பி, மனசுல வச்சுக்காத” என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார். என்னிடம்.

அந்த அம்மாவின் அண்ணன் வந்து குதித்தார். கடல் தாண்டக் கூடாது, ஆசாரம் போய்விடும் என்றார்.

“ராமர் போனாரே?” என்றார் சாயக்காரர்.

“அவரு சாமி!”

“போறப்ப மனுஷனாத்தான போனாரு? வந்த பெறகுதான பட்டாபிஷேகம்?”

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். சாயக்காரர் மடக்கிப் பேசி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த அம்மா போட்டது ஒரே ஒரு நிபந்தனை. மடிக்கொடி வேண்டும். துவைத்த மடிச் சேலையை உத்தரத்தை ஒட்டிக் கட்டின மூங்கிலில்தான் உலர்த்துவார்கள். நின்றால் யார் தலையும் அதில் படக் கூடாது, குச்சியால்தான் போடவும் எடுக்கவும் வேண்டும். பஸ் கூரைக்கு நேர் கீழே மூங்கிலைக் கட்டினால் சேலை தோளில் இடித்தது. “கூரையை ஒசத்து” என்றார் சாயக்காரர். “இம்புட்டு ஒசரம் எதுக்கு? உள்ள ஒட்டகமா கட்டப் போறீக?” என்று ஆசாரி கேட்டார். கேட்டுக்கொண்டே உயர்த்தினார். முடித்து வெளியே கொண்டுவந்தபோது தெருவில் நின்ற ஆள்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

சோதனைக்கு ஒரு நாள் பரவை வரை போனோம். முன்னால் நான், எனக்கும் வீட்டுக்கும் நடுவே பலகைச் சுவர், அதில் ஒரு சின்ன ஜன்னல். சந்தைப் பக்கம் வண்டியை நிறுத்தின உடனே கூட்டம் கூடிவிட்டது. கூரையிலிருந்து புகை வேறு வருகிறது.

“என்னண்ணே இது, தேரா?”

“தேருன்னா வடம் இருக்கும். இதுக்கு நான் இருக்கேன்.”

“உள்ள சாமி இருக்கா?”

“இருக்கு. சமைச்சுக்கிட்டு இருக்கு.”

உள்ளேயிருந்து அந்த அம்மா சிரித்த சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாக ஒரு இலையில் புளியோதரை வந்தது. அந்த மாதிரிப் புளியோதரையை நான் அப்புறம் சாப்பிட்டதில்லை. தின்றுகொண்டே, இவர்களை ஏமாற்றுகிறோமே என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இன்னொரு இலை வாங்கினேன்.

திரும்பும்போது ஒரு புளியமரக் கிளை கூரையில் ‘கர்ர்’ரென்று உரசியது. சாயக்காரர் ஜன்னலில் முகத்தை வைத்தார்.

“தம்பி, ஒசரம் தொந்தரவு குடுக்குமோ?”

“இங்கதான் முதலாளி. இலங்கையில புளியமரமே கெடையாது.”

இருக்கிறதா இல்லையா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

பங்குனி இருபது தேதிக்கு மேல், நல்ல நாள் பார்த்துக் கிளம்பினோம். பாஸ், டாக்டர் சீட்டு எல்லாம் பையில். மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் என்று இரண்டு நாள். அந்த அம்மா ஒவ்வொரு ஊருக்கும் ஜன்னலைத் திறந்து, “இது என்ன ஊரு?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். இராமநாதபுரம் தாண்டி உப்புக்காற்று அடித்ததும் கேள்வி நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெறுமனே மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக வீட்டைத் தாண்டி இரண்டு நாள் தன் கையால் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் போய்க்கொண்டிருக்கிறார். இன்னும் கொஞ்ச தூரம்தான் என் பொய்க்கு ஆயுசு.

மண்டபத்தோடு ரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் பாம்பன் பாலத்தில் ரயில்தான். மோட்டாரைத் திறந்த சரக்கு வண்டியில் ஏற்றிக் கட்டி, தனுஷ்கோடி கொண்டுபோய், அங்கேதான் கப்பலில் தூக்கி வைப்பார்கள். ஓட்டிக்கொண்டே உள்ளே போகிற கதையெல்லாம் நான் விட்டதுதான். சரக்கு லைனுக்கு மேலே இரும்பில் ஒரு வளைவு தொங்கியது. அதற்குக் கீழே நுழைகிற சரக்கைத்தான் பாலத்தில் விடுவார்கள். ரயில்வே குமாஸ்தா எங்கள் வண்டியைச் சுற்றி வந்தார், அளந்தார், சிரித்தார்.

“ஒன்றரை முழம் கூட. போகாது.”

சாயக்காரர் என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். “நீ போனப்ப எப்படி தம்பி ஏத்துனாங்க?”

அங்கே விழுந்திருக்க வேண்டும் நான், அவர் காலில். ஆனால் வாய் முந்திக்கொண்டது. “அப்ப இந்த வளைவு இல்ல முதலாளி. புதுசா மாட்டியிருக்காங்க.”

அவர் குமாஸ்தாவிடம் போய் எனக்காக வாதாடினார். “பையன் போயிட்டு வந்தவன். அப்ப இல்லேங்கிறான். நீங்க கொஞ்சம் விசாரிங்க.”

“யோவ், பாலம் போட்ட நாள்லருந்து இது இங்கதான்யா தொங்குது!” என்று குமாஸ்தா சத்தமாகச் சொன்னார். சுமை தூக்குகிறவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவரைப் பார்த்துச் சிரித்தார்கள், என்னைப் பார்த்து இல்லை. சாயக்காரர் நீல நகத்தால் வேட்டிக் கறையைச் சுரண்டிக்கொண்டு நின்றார்.

அப்போது வண்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. அவர்கள் தங்களுக்குள் சௌராஷ்டிர பாஷைதான் பேசுவார்கள். இதை அந்த அம்மா எல்லாருக்கும் புரியட்டும் என்று தமிழில் சொன்னார்.

“கொடியக் கழட்டுங்க. கூரைய வெட்டச் சொல்லுங்க. நான் உக்காந்து சமைச்சுக்கிறேன்.”

சாயக்காரர் ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். “அப்ப மடி?”

“அது வீட்ல. இது வண்டி.”

பக்கத்தில் படகு கட்டுகிற ஆசாரிகள் இருந்தார்கள். ஒரே நாளில் கூரையை இறக்கித் தருகிறேன் என்று ஒருவர் அப்போதே உளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சாயக்காரரின் முகத்தில் மறுபடி அந்த மலர்ச்சி. என்னிடம் வந்தார்.

“தம்பி, வெட்டுனா வண்டி தாங்கும்ல? நீ சொல்லு.”

தாங்கும். அந்தக் கூரை தனியாக மரை ஆணியில் நின்றது. ஆசாரி அதை மாட்டினபோது கூட நின்று முடுக்கினவனே நான்தான். இறக்கினால் ஒன்றும் ஆகாது.

ஆனால் தாங்கும் என்று சொன்னால் அக்கரைக்குப் போக வேண்டுமே. முதல் முச்சந்தியிலேயே ‘கண்டிக்கு எந்தப் பக்கம்?’ என்று கேட்பார். எனக்குக் கிழக்கு மேற்குகூடத் தெரியாது. இத்தனை வருஷம் கட்டின கதை அங்கே அவிழ்ந்துவிடும், மதுரை முழுக்கச் சிரிக்கும். அந்தப் பயம்தான். ஊசிக்குப் பயந்து ஓடினேனே, அதே மண்டபம், அதே ஆள். இந்தத் தடவை இரண்டு பேரை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

“தாங்காது முதலாளி. மேல வெட்டுனா பக்கப் பலகையெல்லாம் விரிஞ்சுரும். மலைப் பாதையில அம்மா உள்ள இருக்கிறப்ப சரிஞ்சுச்சுன்னா…”

“அப்படி ஆகி நீ பாத்திருக்கியா?”

“ரெண்டு வண்டி பாத்திருக்கேன்.”

அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். “பாத்தவன் சொன்னா சரி.”

உளி கொண்டுவந்த ஆசாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். தொழில் தெரிந்தவர், அவருக்குத் தெரிந்துவிட்டது. துப்பிவிட்டுப் போனார். வண்டியைத் திருப்பினேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் குச்சி மூங்கிலில் இடிக்கிற சத்தம் கேட்டது. கூரையை வெட்டுவதற்காக எடுத்து வைத்த மடிச் சேலையை அந்த அம்மா மறுபடி கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். மதுரை வரைக்கும் அவர் எந்த ஊரின் பெயரையும் கேட்கவில்லை.

அந்த வண்டி சாயக் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. மழைக்காலத்தில் உள்ளே நூல் காயப்போட்டார்கள், உயரம் சௌகரியமாக இருந்ததாம். சாயந்திர வேளையில் அந்த அம்மா அதில் ஏறிச் சும்மா உட்கார்ந்திருப்பார் என்று சிலர் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை, அதனால் அதைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

சாயக்காரர் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. எதிரே பார்த்தால், “அன்னிக்கு நீ இல்லேன்னா மலையில எங்க வீட்ல உயிரு போயிருக்கும் தம்பி” என்று கையைப் பிடித்துக்கொள்வார். அவர் பிடித்த இடத்தை நான் வேட்டியில் துடைத்துக்கொள்வேன். சாயத்துக்காக இல்லை.

பொறுக்க முடியாமல் போன வருஷம் ஒரு நாள், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டினேன். அந்த அம்மாதான் திறந்தார். ரொம்ப இளைத்திருந்தார். “வாப்பா, ஒக்காரு” என்றார். “அம்மா, அந்த மண்டபத்துல நான் சொன்னேன்ல, வண்டி தாங்காதுன்னு” என்று ஆரம்பித்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார். அதற்குள் பின்கட்டிலிருந்து சாயக்காரர் கை துடைத்துக்கொண்டே வந்து—

“அண்ணே! ஏண்ணே!”

டீக்கடைக்காரர் கூப்பிடுகிறார்.

“என்னப்பா? கேஸு இன்னும் பிடிக்கல.”

“வண்டிக்கு இல்லண்ணே. இங்கிட்டு ரெண்டு பேரு ஒங்களத் தேடி நிக்கிறாக. குடும்பத்தோட இலங்கைக்குக் காரு கொண்டு போறாகளாம். சாயக்காரரு அனுப்பி விட்டாராம். ‘அவன் பாத்ததைத்தான் சொல்லுவான், அவன்கிட்டக் கேளுங்க’ன்னு சொன்னாராம்.”

கண்டக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார்.

“வாரேன்னு சொல்லு.”